பண்டிகை முடிந்த பிறகு வரும் ஞாயிறு

இந்தத் தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 29, வீடு வேளச்சேரியில், வேலை ஓ.எம்.ஆரில், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களில் மேல் ஸ்தாயிக் குரல். நவம்பர் கடைசியில் ப்ராக்டிஸ் ஆரம்பித்திருக்கிறது. ஒன்பது ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, 31-ம் தேதி நள்ளிரவு ஆராதனை என்று எல்லாவற்றிலும் நின்று பாடியிருக்கிறார். ஜனவரி பிறந்ததும் உள்ளே ஒன்றுமே இல்லை, ஜெபம் வாயில் வரவில்லை என்கிறார். முதல் ஞாயிறு போய்விட்டு வந்தார். இரண்டாம் ஞாயிறு அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். ஆராதனையால் திரும்பப் புத்துயிர் கிடைக்குமா, கிடைக்குமென்றால் எப்படிப்பட்ட ஆராதனையில், சபையை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது: டிசம்பரில் பாடியதெல்லாம் வெறும் நடிப்புதானோ என்று. அவர் கேட்க வந்ததே அதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட முன்னுரை.

நான் யார் என்று சொல்லிவிட்டால் என் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உங்களுக்கே தெரியும். 31 வருடம் ஆயராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். பாதிக்கு மேல் சென்னையிலேயே ஓடிவிட்டது. ஆகவே 31 ஜனவரிகளைப் பீடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இறையியல் படித்தவன், மனநல மருத்துவம் படித்தவன் அல்ல. அந்த எல்லை இந்தப் பதிலில் ஓரிடத்தில் முக்கியமாக வரும்.

நடிப்பு இல்லை தம்பி. நீங்கள் டிசம்பரில் செய்தது சமையல். கல்யாண வீட்டில் சமையற்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவார்கள், அவருக்கு மட்டும் பசியே இருக்காது. மணத்திலேயே வயிறு நிறைந்த மாதிரியும் இருக்கும், குமட்டுகிற மாதிரியும் இருக்கும். கேரல் வேனில் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மனதில் என்ன ஓடியது? மார்கழிப் பனியில் தொண்டை கட்டிவிட்டதே, அடுத்த வீட்டில் மேல் ஸ்தாயி எட்டுமா, கீபோர்டு தம்பி இந்த முறையாவது சரியான சுருதியில் ஆரம்பிப்பானா, பன்னிரண்டாவது வீட்டிலும் கேக்கும் முறுக்கும் டீயும் கொடுத்தால் எங்கே வைப்பது. பாட்டின் பொருள் அந்த வீட்டு வாசலில் நின்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்த ஒரு தாத்தா கண்ணைத் துடைத்திருப்பார், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆயர்களுக்கும் இதே கதிதான். ஒரு டிசம்பரில் 19 பிரசங்கம் செய்தேன். இருபதாவதாக எனக்கு யாராவது பிரசங்கம் செய்திருந்தால் தூங்கியிருப்பேன்.

சமையற்காரர் சாப்பிடாமல் போவதில்லை. பந்தி முடிந்து, அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மோர் விட்டு ஒரு பிடி சோறு சாப்பிடுவார். அந்த ருசி பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. ஜனவரி மாதத்துச் சாதாரண ஞாயிறு எனக்கு எப்போதும் அந்த மோர் சாதமாகத்தான் தெரிந்திருக்கிறது. நீங்கள் அதைத்தான் தூங்கித் தவறவிட்டீர்கள். ஆனால் தூங்கியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேதத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது முந்தின அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் மனுஷன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் வந்து அவனுக்கு உபதேசம் செய்யவில்லை, விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரம் எழுப்பி, இன்னும் சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. ஆகவே முதல் வாரம் தூங்குங்கள். கேக்கை நிறுத்திவிட்டு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். ஜனவரியில் எந்தக் கமிட்டியிலும் புதிதாகப் பெயர் கொடுக்காதீர்கள், யார் எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும்.

நண்பர் ஒருவர் ஜனவரிச் சோர்வு என்பது அறிவியல்பூர்வமானது, ஜனவரியின் மூன்றாவது திங்கள்தான் வருடத்திலேயே சோகமான நாள் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நம்ப வேண்டாம். 2005-ல் இங்கிலாந்தில் ஒரு பயண நிறுவனம் விடுமுறைப் பயணம் விற்பதற்காகக் கிளப்பிவிட்ட கணக்கு அது. வட நாடுகளில் குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்து சிலருக்கு மனச்சோர்வு வருவது உண்மை. ஆனால் சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். தவிரவும், இந்த ஊர் மனிதர் வாழத் தகுந்ததாக இருப்பதே ஜனவரியில்தான். வெயிலைக் குறை சொல்ல முடியாத ஒரே மாதம். அதையும் நாம் சோகமாகக் கழித்தால் எப்படி. நம் ஊரில் நடப்பது வேறு. பொங்கல் வரைக்கும் விடுமுறை மனநிலை இழுத்துக்கொண்டே போகிறது. சபையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய உண்டு. பொங்கலை ஒட்டிய ஞாயிறு பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். டிசம்பரில் பந்தல் போட்டு, வெளியே நாற்காலி போட்டும் இடம் போதாத அதே ஆலயத்தில் முன் வரிசை காலியாகக் கிடக்கும். போகிப் புகையில் மணியும் பாதிதான் கேட்கும். அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்துத்தான் பலருக்கு மனம் விழுகிறது. எனக்கும் விழுந்திருக்கிறது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்குத்தான் போவேன். கிறிஸ்துமஸ் அன்று அந்த அதிகாரத்தின் முதல் இருபது வசனத்தை வாசித்துவிட்டு மூடிவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் கீழே போனால் பிள்ளை இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. பஸ்காப் பண்டிகைக்குக் குடும்பமாக எருசலேமுக்குப் போகிறார்கள். போகும்போது பிள்ளை தொலையவில்லை, பண்டிகைக் கூட்ட நெரிசலிலும் தொலையவில்லை. பண்டிகை முடிந்து திரும்பும் வழியில்தான் தொலைகிறார். அதுவும் எப்படி? கூட்டத்தில் எங்காவது இருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பண்டிகைக் கூட்டத்தில் பெரியம்மா வேனில் இருப்பான் என்று அம்மாவும், அப்பாவோடு வருகிறான் என்று பெரியம்மாவும் நினைப்பது மாதிரி. உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள், கிடைக்கவில்லை. மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டார்கள். அப்போது பண்டிகை முடிந்திருந்தது. ஊர்க் கூட்டம் கலைந்திருந்தது. போதகர்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். லூக்கா இதை உங்கள் ஜனவரிக்காக எழுதவில்லை. தம் பிதாவுக்கு உரிய காரியத்தில் பிள்ளை இருந்ததைச் சொல்லவே எழுதினார், அதுதான் நேர்ப்பொருள். ஆனால் தொலைந்தது எப்போது, கிடைத்தது எங்கே என்பதை என் அனுபவம் திரும்பத் திரும்ப ஒத்துக்கொள்கிறது. கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு டிசம்பரைக் கடந்துவிடுகிறோம். திரும்பிப் போய்ப் பார்த்தால், ஆள் குறைந்த அந்த இடத்திலேயே இருக்கிறார்.

தப்பு நம் நாட்காட்டியிலும் இருக்கிறது. திருச்சபையின் கணக்குப்படி கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ல்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம், காத்திருப்பதற்கும் கொஞ்சம் அடக்கி வாசிப்பதற்குமான நாட்கள். 25-லிருந்து பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். 567-ல் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அதை அப்படி வகுத்தது. ஜனவரி 6 பிரசன்னத் திருநாள். கத்தோலிக்கர் திருக்காட்சிப் பெருவிழா என்பார்கள். அதற்கும் பிறகுதான், பண்டிகைக் காலம் முடிந்ததற்கு அடையாளமாக, பீடத்துத் துணி பச்சைக்கு மாறும். நாம் என்ன செய்கிறோம்? டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல், கேக், கிறிஸ்துமஸ் தாத்தா. 25 வருவதற்குள் பாட்டெல்லாம் சலித்துவிடுகிறது, 26-ம் தேதி நட்சத்திரத்தைக் கழற்றலாமா என்று கேட்கிறோம். காத்திருக்க வேண்டிய மாதத்தில் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட வேண்டிய நாளில் அஜீரணம். நானும் அந்தக் கேரல் ரவுண்ட்ஸுக்கெல்லாம் தேதி போட்டுக் கையெழுத்திட்டவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸ் 25-ம் தேதியோடு முடிந்துவிடவில்லை என்று உணர ஒரு இடம் சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியர் ஆலயம் இருக்கிறது. அரண்மனை எதுவும் அங்கே கிடையாது. ஆர்மீனியக்காரர் தெரு மக்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஆர்மீனியத் திருச்சபை இயேசுவின் பிறப்பையே இன்றும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறது. இந்த ஊரில் ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது, வழக்கமான ஆராதனையும் அங்கே நடப்பதில்லை. மணிக்கூண்டில் ஆறு மணி, முற்றத்தில் கல்லறைப் பலகைகள், மரங்கள். வெளியே லாரி ஹாரன், உள்ளே அணில். ஒரு சனிக்கிழமை காலை போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஜெபம் வராவிட்டாலும் பரவாயில்லை.

சரி, எப்படிப்பட்ட ஆராதனை என்று கேட்டீர்கள். உங்கள் சபையிலேயே ஒரு சொத்து இருக்கிறது, பலர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. உடன்படிக்கை ஆராதனை என்று பெயர். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் முதன்முதலாக நடத்தியது. பிறகு மெதடிஸ்டுகள் அதை வருடத்தின் முதல் ஞாயிறுக்கு என்று ஆக்கிக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27-ம் தேதி நம் கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகள் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, மெதடிஸ்டு வீட்டுச் சீதனமாக இதுவும் வந்து சேர்ந்தது. அதில் ஒரு ஜெபம் உண்டு. நான் இனி என்னுடையவன் அல்ல என்று ஆரம்பிக்கும். என்னை வேலைக்கு வைத்தாலும் சரி, ஓரமாக உட்கார வைத்தாலும் சரி, நிறைந்திருந்தாலும் சரி, வெறுமையாக இருந்தாலும் சரி என்ற பொருளில் போகும். கவனியுங்கள், வெறுமையையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. உள்ளே என்ன உணர்வு இருக்கிறது என்று அது உங்களிடம் கேட்பதே இல்லை. வறண்டு போனவன் பொய் சொல்லாமல் சொல்லக்கூடிய ஜெபம் அது. உங்கள் ஆலயத்தில் 31-ம் தேதி இரவே நடத்திவிட்டிருக்கலாம், நடத்தாமலும் இருக்கலாம். ஆயரிடம் கேளுங்கள். இதையெல்லாம் கேட்க ஒரு வாலிபன் வந்தான் என்றாலே அந்த மனுஷருக்கு அந்த வாரம் நன்றாகப் போகும்.

அது கிடைக்காவிட்டால் ஞாயிறு அதிகாலைத் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை. ஒன்பது மணி ஆராதனைக்கு இப்போதைக்குப் போகாதீர்கள், அங்கே பாடகர் குழு இருக்கும், உங்கள் காது சுருதியைத்தான் பிடிக்கும். அதிகாலையில் நாற்பது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் தாத்தா பாட்டி, ஒரு நர்ஸ் அம்மா டியூட்டிக்குப் போகும் வழியில் வந்திருப்பார். பாடகர் அங்கியைப் போடாமல் பின்னால் உட்காருங்கள். பாவ அறிக்கையை மெதுவாகச் சொல்லுங்கள். டிசம்பரில் யாரிடம் எரிந்து விழுந்தீர்கள், யாருடைய கார்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள், கிரெடிட் கார்டில் எவ்வளவு தேய்த்தீர்கள் என்பதெல்லாம் நினைவுக்கு வரும், வரட்டும். பலரும் விசுவாசக் குறைவு என்று என்னிடம் கொண்டுவந்ததில் பாதி, விசாரித்துப் பார்த்தால் பண்டிகை நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் நடந்த சண்டை. அப்புறம் சமாதானம் கூறுதல். 1950-ல் வந்த நம் திருவிருந்து ஒழுங்குதான் அதைச் சபை முழுவதும் கைகளால் கொடுத்து வாங்கும்படி திரும்பக் கொண்டுவந்தது. பிற நாட்டுச் சபைகளும் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. உங்கள் வலது உள்ளங்கை அடுத்தவர் உள்ளங்கையில் படும், இருவரும் இடது கையால் மூடிக்கொள்வீர்கள். நன்றாகச் செய்தால் இரண்டு வினாடி. டிசம்பரில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னவருக்கு, ஒரு பாட்டியின் சுருங்கிய கைக்குள் கை இருக்கும் அந்த இரண்டு வினாடி வேறு மாதிரி இருக்கும். பிறகு போய் முழங்காலிட்டுக் கையை நீட்டுங்கள். அப்பத்தை வாங்கப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று: சங்கீதம் 42-ஐ ஒரு வாரம் தினமும் வாய்விட்டு வாசியுங்கள், போனைத் தொடுவதற்கு முன்னால். பண்டிகை கொண்டாடும் ஜனங்களோடு தேவாலயத்துக்கு நடந்துபோனதை நினைத்து உள்ளம் உருகுகிறது என்று ஒருவன் அழும் பாட்டு அது. உங்கள் நிலைமையை அவன் உங்களுக்கு முன்பே பாடிவிட்டான். முடிவிலும் அவனுக்குச் சந்தோஷம் வந்துவிடவில்லை. இன்னும் துதிப்பேன் என்று தன் ஆத்துமாவிடம் சொல்லிக்கொள்வதோடு நிற்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கென்று எடுக்கும் வேத வசன அட்டை பற்றியும் கேட்டீர்கள். 31-ம் தேதி இரவு எடுத்த வசனம் தனக்குப் பொருந்தவே இல்லை என்று. தம்பி, அதை ஜாதகம் மாதிரி பார்க்காதீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய வழக்கம் ஒன்று ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிறு குடியேற்றத்தில் உண்டு. சின்சென்டார்ஃப் பிரபு 1728 மே மாதம், மறுநாளைக்கு என்று ஒரு வசனத்தைச் சபைக்குக் கொடுத்தார். 1731-லிருந்து அச்சிட்டே வருகிறது, இன்றுவரை. அங்கே வசனம் நாளுக்கு ஒன்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா மாதிரி, அன்றன்றைக்கு. வருடத்துக்கு ஒரு வசனத்தை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மற்ற 364 நாள் பட்டினி கிடப்பது நமக்கு எப்படி வந்து சேர்ந்ததோ. உங்கள் அட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வேதத்துக்குள் வைத்துவிடுங்கள், ஆகஸ்டில் ஒருநாள் கண்ணில் படும்.

சபை மாற்றுவது பற்றி என் கருத்து ஒருதலைப்பட்சமாக இருக்கும், அதைத் தெரிந்தே படியுங்கள். சென்னையில் சபைக்குப் பஞ்சமில்லை. பெரிய திரை, டிரம்ஸ், கண்ணீரோடு கைகளை உயர்த்தும் ஆயிரக்கணக்கான பேர். அங்கே போய் உயிர் பெற்றவர்களை எனக்கு நேரடியாகத் தெரியும், பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் விருந்து சாப்பிட்டுத் திகட்டியவனுக்கு இன்னொரு விருந்து வைக்கலாமா? ஜனவரியில் சபை மாற்றாதீர்கள். ஜூன் மாதத்தில் ஒரு வேலைநாள் மாலை, மனம் அமைதியாக இருக்கும்போது இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் மாற வேண்டும் என்று தோன்றினால் அது வேறு பேச்சு.

ஆராதனைக்குப் போவதால் நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்காக: அமெரிக்காவில் 74,534 பெண் செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடையே மரண விகிதம், போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. இது உறுதியான கணக்கு. ஆனால் அதிலிருந்து உங்கள் வறட்சி நீங்கிவிடும் என்று முடிவு கட்ட முடியாது. அவர்கள் அமெரிக்கச் செவிலியர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். உடல்நலம் இருப்பவர்கள்தானே ஆலயத்துக்குப் போக முடியும் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்கள், முழுக்கச் சரிக்கட்டுவது கடினம். ஆயுள் கூடுவதற்காக யாரும் பாவ அறிக்கை சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது என் எல்லை. வறட்சி வேறு, நோய் வேறு. 16-ம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான், ஆத்துமாவின் வறட்சி பற்றி அவரைவிட ஆழமாக எழுதியவர்கள் குறைவு. அவரே, இது கடவுளிடமிருந்து வருவதா அல்லது உடம்பின் சோகநோயா என்று பிரித்துப் பார்க்க அடையாளங்கள் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகிறார். நான் அப்படிப் பிரித்துப் பார்க்காத ஒரு சமயம் உண்டு. கணவரை இழந்து முதல் கிறிஸ்துமஸைக் கடந்த ஒரு சகோதரி, தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை என்றார். ஜெபித்து, ஒரு சங்கீதம் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவருடைய அக்காதான் டாக்டரிடம் அழைத்துப் போனார். மாத்திரையும் ஆலோசனையும் கிடைத்துத் தேறினார். அந்த மூன்று மாதம் என் கணக்கில் இருக்கிறது. உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்திருந்தால், அல்லது இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அலாரம், ஆராதனை எதுவும் முதலில் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி பேசும் ஊர் இது, அதற்குப் பயந்து யாரும் உள்ளே வைத்துக்கொண்டு சாக வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது களைப்பு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் திரையில் நாலு பத்தி படித்துவிட்டு அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

19 பிரசங்கம் செய்தேன் என்றேனே, அந்த வருடம் ஜனவரி இரண்டாம் வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பட்டியலோடு சுற்றினேன். பெரம்பூரில் ஒரு வீடு. கணவர் ரயில்வேயில் இருந்தவர், காலமாகிவிட்டார். அந்த அம்மாவுக்கு 84 வயது, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில். ஜன்னலில் நட்சத்திரம் இன்னும் தொங்கியது, ஒரு முனை கிழிந்திருந்தது. மகன் கழற்ற வந்தபோது, ஐயா வந்துட்டுப் போகட்டும்டா என்று சொல்லி வைத்திருக்கிறார். மரப்பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் உயரக் கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து ஆரம்பித்தேன். அன்றைக்கு அது எனக்கு நான்காவது வீடு. வாய் ஓடிக்கொண்டிருந்தது, மனம் அடுத்த வீட்டுக்கு ஆட்டோ கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பாவ அறிக்கையில் அந்த அம்மா என்னோடு சேர்ந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஐயா, ஒரு வரி விட்டுட்டீங்க."

புத்தகத்தைப் பார்த்தேன். விட்டிருந்தேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை அவர் வேகத்தில், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் நிறுத்தி. டிசம்பர் முழுக்க எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைகள். நான் சொன்னதை நானே கேட்டது அன்றைக்குத்தான். முடித்து எழுந்தபோது தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, மூன்று வாரமாக எனக்கென்று வைத்திருக்கிறார். கல் மாதிரி இருந்தது. டீயில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

உங்கள் சபையிலும் அப்படி நாலு வீடு இருக்கும். ஆயர் போகும்போது கூடப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், கேட்டால் மட்டும் ஒரு பாட்டு, கீபோர்டு இல்லாமல். குழுத் தலைவரிடம் நான்கு ஞாயிறு லீவு கேளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து ப்ராக்டிஸ் வருகிறது, டெனரில் ஏற்கனவே ஆள் இல்லை என்று முறைப்பார். முறைக்கட்டும்.